மாற்றுச் சிகிச்சை முடிந்து வீடு வந்த பிறகு
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனாலும் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். இந்தப் பாடசாலையின் உயிரியல் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்து, ஒருத்தி வைத்தியராகவும், ஒருத்தி தாதியாகவும், ஒருத்தி ஆய்வுகூடத்திலுமாகப் பிரிந்து போனோம். இன்றும் ஒரு நோயாளியைப் பற்றிக் குழப்பம் வந்தால் இரவு பத்து மணிக்கு ஒருவரையொருவர் தொலைபேசியில் எழுப்புகிறோம். இந்த உரையை மூவரும் சேர்ந்துதான் எழுதினோம். பிழை இருந்தால் மூவரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நூற்றாண்டு விழா என்றால் பழைய கதை பேச வேண்டும். அதிபர் அறையின் மணி, மழைக்காலத்தில் நனைந்த சப்பாத்தோடு வகுப்பில் இருந்தது, பஸ்ஸைத் தவறவிட்டுப் பாதித் தூரம் நடந்து வந்தது எல்லாவற்றையும் எங்களுக்குப் பிறகு பேச இருக்கும் அக்கா எங்களைவிட நன்றாகச் சொல்வார். எங்களிடம் சங்கம் கேட்டது மருத்துவம் பற்றி ஏதாவது. நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பதுளையிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் யாரும் பேசாத ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம். குருதிப் புற்றுநோய்க்கு மூலக்கல மாற்றுச் சிகிச்சை செய்து வீடு திரும்பியவர்கள் அதற்குப் பிறகு எடுக்க வேண்டிய மருந்தைப் பற்றி.

முதலில் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். பசறைப் பக்கத் தோட்டம். ஐம்பத்து நான்கு வயது. பதினாறு வயதில் கூடை தூக்கியவர். இரண்டு வருடமாக முதுகு வலி. கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு முதுகு வலி என்றால் யார் கவனிப்பார்கள்? தைலம் தடவினார்கள், டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுத்தார்கள். களைப்பு, முகம் வெளிறல் வந்தபோது இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் காலை பிரட்டுக்குப் போகக் கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லை. எக்ஸ்ரேயில் முள்ளந்தண்டு எலும்பு ஒன்று நசுங்கிப் போயிருந்தது. நோயின் பெயர் மல்டிபிள் மையலோமா.

என்பு மச்சையில் பிளாஸ்மாக் கலம் என்று ஒன்று இருக்கிறது. கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரியைச் செய்வது அதன் வேலை. அந்தக் கலங்களில் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகி, மச்சையை நிரப்பி, எலும்பை அரித்து, சிறுநீரகத்தையும் கெடுப்பதுதான் இந்த நோய். அதனால்தான் முதுகு வலியும் குருதிச்சோகையும் சேர்ந்து வருகின்றன. ஐம்பது வயதுக்கு மேல், ஓய்வெடுத்தும் போகாத எலும்பு வலியும், இரும்புச்சத்துக்குச் சரியாகாத வெளிறலும் ஒரே ஆளிடம் இருந்தால் தைலத்தோடு நிறுத்தாதீர்கள். இன்று வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அந்த அம்மாவுக்குச் சில மாதங்கள் ஊசியும் மாத்திரையும் கொடுத்து நோயை அடக்கினார்கள். பிறகு மாற்றுச் சிகிச்சை. அது என்னவென்று லயத்தில் இருக்கும் அவருடைய தம்பிக்கு விளக்க நாங்கள் பட்ட பாட்டில் ஒரு உதாரணம் கிடைத்தது. அதையே உங்களுக்கும் சொல்கிறோம், இங்கே பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள்தானே. வயதான தேயிலை மலையைத் திருப்பி நடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய செடியை வேரோடு பிடுங்குகிறார்கள். மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணை ஆற விடுகிறார்கள். பிறகுதான் புதுக் கன்று. உடம்பில் அதே வேலை சில வாரங்களில் நடக்கிறது. முதலில் நோயாளியின் குருதியிலிருந்து மூலக்கலங்களை இயந்திரத்தால் பிரித்தெடுத்துக் குளிரில் வைத்துக்கொள்கிறோம். பிறகு மெல்பலன் என்ற மருந்தைப் பெரிய அளவில் ஏற்றி மச்சையைத் துப்புரவாக்குகிறோம். மறுபடி அவருடைய கலங்களையே, இரத்தம் ஏற்றுவதுபோல, நாளத்தின் வழியே விடுகிறோம். அவை வழி கேட்காமலே மச்சைக்குப் போய்ச் சேர்ந்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முளைவிடத் தொடங்குகின்றன. கத்தி இல்லை, தையல் இல்லை. 'ஒப்பரேஷன் எப்போ?' என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார் அந்தத் தம்பி.

மனிதரில் இதை முதலில் முயன்றவர் அமெரிக்காவின் டொனல் தோமஸ், 1957 இல். 1990 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1980களில் மும்பாயிலும் வேலூரிலும் தொடங்கியது. இப்போது நம் நாட்டிலும் செய்கிறார்கள்.

அம்மா நல்லபடியாகத் திரும்பி வந்தார். கோவிலில் பொங்கல் வைத்தார்கள். தலையில் முடி பட்டுப்போல முளைத்திருந்தது. கையில் ஒரு உறை. உள்ளே லெனலிடொமைட் மாத்திரைக்கூடு, நாளுக்கு ஒன்று. மாதம் ஒரு முறை குருதிப் பரிசோதனை. நாலு மாதம் ஒழுங்காக வந்தார். ஐந்தாம் மாதம் காணவில்லை. பதினொராம் மாதம் மகன் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தார். 'ஏம்மா மருந்தை விட்டீங்க?' என்று கேட்டோம்.

'முடிஞ்சிருச்சின்னுதானே டொக்டரம்மா சொன்னீங்க?'

சொன்னது உண்மை. சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று வார்டில் எல்லோரும் கைகுலுக்கினோம். முடிந்தது என்றால் முடிந்ததுதானே? மருந்து உறையில் எழுதியிருந்த ஆங்கிலத்தையோ சிங்களத்தையோ வாசிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. தமிழில் பேசத் தெரிந்த நாங்கள், 'இது தொடர்ந்து எடுக்கிற மருந்து' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தோம். குறை எங்களுடையது. அவருக்கு வேறு மருந்துகள் கொடுத்தோம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார், மகளின் கலியாணத்தைப் பார்த்தார். விடாமல் எடுத்திருந்தால் எவ்வளவு காலம் இருந்திருப்பார் என்று ஒரு தனி ஆளை வைத்து யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. பல நூறு பேரை வைத்துச் சொல்ல முடியும்.

சொல்கிறோம். மையலோமாவுக்குத் தன் மூலக்கலத்தாலேயே மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட 1,208 பேரை உள்ளடக்கிய மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2017 இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு லெனலிடொமைட், மறு பகுதியினருக்கு வெற்று மாத்திரை அல்லது எதுவுமில்லை. மருந்தில்லாதவர்களில் பாதிப் பேருக்கு 23.5 மாதத்துக்குள் நோய் மறுபடி தலைகாட்டியது. மருந்து எடுத்தவர்களில் அதே நிலை வர 52.8 மாதம் சென்றது. ஏழு வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் மருந்தோடு நூற்றுக்கு 62, மருந்தில்லாமல் 50. நூறு பேரில் பன்னிரண்டு உயிர். ஒரு வகுப்பறையில் மூன்று வாங்கு நிறைய ஆட்கள்.

காரணம் எளியது. எவ்வளவு துப்புரவாகப் பிடுங்கினாலும் மண்ணுக்குள் புல்லின் வேர்த்துண்டு கிடக்கும். திருப்பி நட்ட மலையில் புல்லு வெட்டுக்கு ஆள் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். மையலோமாவில் மாற்றுச் சிகிச்சை நோயை அடியோடு ஒழிப்பதில்லை. மிச்சக் கலங்கள் எங்கோ ஒதுங்கியிருக்கும். அவை தலையெடுக்காமல் பார்ப்பதுதான் இந்தப் பராமரிப்பு மருந்து. நோயாளிக்கு உடம்பில் ஒன்றும் தெரியாத காலத்தில் எடுக்கிற மருந்து இது, எடுக்கிற பலனும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் விடுகிறார்கள்.

இந்த மருந்தின் பரம்பரை பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லெனலிடொமைட்டின் தாய் தாலிடொமைட். 1957 இல் ஜேர்மனியில் தூக்கத்துக்கும் பிறகு கர்ப்பிணிகளின் வாந்திக்குமாக விற்ற மாத்திரை. கைகால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தபின் 1961 இல்தான் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் அதை அனுமதிக்க மறுத்து, கம்பனிக்காரர் எத்தனை முறை வந்து நெருக்கியும் 'சான்று போதாது' என்று திருப்பி அனுப்பியவர் ஒரு பெண், பிரான்சிஸ் கெல்சி. வேலைக்குச் சேர்ந்த புதிது அவர். கையெழுத்துப் போடாமல் இருப்பதற்கும் துணிச்சல் வேண்டும். பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு மையலோமா நோயாளியின் மனைவி விடாமல் விசாரித்துத் தொலைபேசியில் வைத்தியர்களைத் துளைத்ததால், அதே மருந்தை ஆர்கன்சாவில் கொடுத்துப் பார்த்தார்கள். 1999 இல் பலன் தருகிறது என்று அறிவித்தார்கள். சாபமாக வந்தது இன்னொரு இடத்தில் உதவியது. லெனலிடொமைட் கிடைக்காத இடங்களில் இன்றும் தாலிடொமைட்டைப் பராமரிப்புக்குக் கொடுப்பதுண்டு. ஆனால் அது விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும். இரண்டிலையும் மொட்டும் விரல் நுனியால் கிள்ளிப் பிழைக்கிற ஒருவருக்கு அது பக்கவிளைவு என்ற சொல்லுக்குள் அடங்காது. அவர் கையையே பறிப்பது போன்றது. 'கொழுந்து எது, முத்தின இலை எதுன்னு விரலுக்குத் தெரியமாட்டேங்குது' என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். பாதமும் மரத்திருந்தால் செருப்பில்லாமல் மலையேறுபவருக்கு முள் குத்தியதுகூடத் தெரியாது. மரப்பு தொடங்கியவுடன் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வழி உண்டு. பேர் போய்விடும் என்று மறைக்கிறார்கள்.

தாய் செய்த கேட்டை மகளும் செய்யும். லெனலிடொமைட்டைக் கர்ப்பிணி விழுங்கவே கூடாது. கூட்டைத் திறந்து தூளைத் தொடுவதும் கூடாது. பெரிய நகர வீட்டில் இது ஒரு எச்சரிக்கை வரி. ஒரு அறையும் ஒரு குசினியுமான லயத்தில், ஆறு பேருக்கு ஒரே அலுமாரி, அதில் காய்ச்சல் மாத்திரையும் மாமியாரின் பிரஷர் மாத்திரையும் கலந்து கிடக்கும் இடத்தில், மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிஸ்கட் தகரம் ஒன்றில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், நோயாளி மட்டும் தொடும்படி வைக்கச் சொல்கிறோம். மிஞ்சியதைக் குப்பையில் போடாமல் கிளினிக்கில் திருப்பிக் கொடுக்கவும் சொல்கிறோம்.

இன்னும் சில. இரத்தம் கட்டியாகும் வாய்ப்பு உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கினால் அது மலையேறிய வீக்கமென்று விடக்கூடாது. வெண்குழியம் குறையும், ஆகவே காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கொத்தமல்லி அவித்துக் குடிப்பதற்கு நாங்கள் எதிரியில்லை, எங்கள் வீட்டிலும் அதுதான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது குடியுங்கள், பஸ்ஸுக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள். சிறுவயதில் போட்ட தடுப்பூசியின் பலனும் மாற்றுச் சிகிச்சையோடு பெரும்பாலும் போய்விடும். சில மாதம் கழித்து அவற்றைத் திரும்பப் போட வேண்டும். ஐம்பத்தைந்து வயதுப் பாட்டி தடுப்பூசிக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மறைக்காமல் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்த ஆய்வுகளிலேயே, மருந்து எடுத்தவர்களிடம் வேறொரு புதிய புற்றுநோய் தோன்றுவது மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. நன்மையோடு நிறுத்துப் பார்த்தபோது பெரும்பாலானோருக்கு எடுப்பதே மேல் என்பதால்தான் கொடுக்கிறோம். இதைக் கேட்டுவிட்டு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. கேட்காமலே விட்டுவிடுவது வேறு.

மையலோமா மட்டுமல்ல. மாண்டில் செல் லிம்போமா என்ற நிணநீர்க் கணுப் புற்றில், மாற்றுச் சிகிச்சைக்குப் பின் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரிட்டக்சிமாப் ஊசியை மூன்று வருடம் போட்டால் ஆயுள் கூடுகிறது என்று 2017 இல் பிரான்சில் காட்டினார்கள். கடுமையான மைலொயிட் வகைக் குருதிப் புற்றில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு சொராபெனிப் உதவுகிறது. எல்லா மருந்தும் உதவுவதில்லை. நம்பிக்கையோடு சோதித்து ஒன்றும் கூடவில்லை என்று ஒதுக்கியவையும் உண்டு.

இன்னொருவர் கதையையும் சொல்ல வேண்டும். அப்புத்தளைப் பக்கம். லிம்போபிளாஸ்ற் வகைக் குருதிப் புற்று. உயர்தரத்தில் நிறமூர்த்தம் படிக்கும் பிள்ளைகள் கவனியுங்கள். 9ஆம் நிறமூர்த்தத்தின் துண்டும் 22ஆம் நிறமூர்த்தத்தின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதைப் பிலடெல்பியா நிறமூர்த்தம் என்கிறார்கள். 1960 இல் அதை முதலில் கண்ட நகரத்தின் பெயர். அவருக்கு அது இருந்தது. இந்த வகைக்குத் தன் மூலக்கலம் பெரும்பாலும் போதாது, இன்னொருவருடையது வேண்டும். உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இங்கே இருந்த தங்கை பொருந்தவில்லை. இன்னும் ஒரு அண்ணன் இருந்தார், ஆனால் இங்கே இல்லை. 1964 ஒக்டோபர் 30 இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு நம் ஆட்களை இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று பங்கு போட்டார்களே, அந்தக் கணக்கில் பாட்டியோடு தலைமன்னாரில் கப்பலேறியவர். கூடலூரில் தேயிலை வேலை. கலியாணத்துக்கும் சாவுக்கும் கடிதம் மட்டும். தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லையாம், 'எப்ப வரணும்?' என்றாராம். அவர் பொருந்தினார். சிகிச்சை தமிழ்நாட்டில் நடந்தது. பிரித்துப் போட்டவர்களின் பட்டியலில் இல்லாத ஒன்றை மச்சை வைத்திருந்தது.

திரும்பி வந்தவருக்கு தினமும் இமடினிப். சாப்பாட்டோடு, பெரிய கோப்பை நிறையத் தண்ணீரோடு. 2001 இல் சந்தைக்கு வந்தபோது அது செல்வந்தரின் மருந்து. இந்தியக் கம்பனிகள் மலிவாகச் செய்தன. காப்புரிமை கேட்ட வழக்கை இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 இல் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பின் நிழல் அப்புத்தளை லயம்வரை விழுகிறது. ஆனால் 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமல் மருந்தும் எண்ணெயும் தட்டுப்பட்ட மாதங்களில், அவருடைய கணவர் ஒன்றைவிட்டு ஒரு நாள் மாத்திரை கொடுத்து இருப்பை நீட்டியிருக்கிறார். அவரைத் திட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. வீட்டில் அரிசியையும் அப்படித்தான் நீட்டினார்கள். ஆனால் அரைகுறை அளவு நோய்க்குப் பழக்கம் கொடுப்பது போன்றது. மருந்து குறைகிறது என்றால் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே எங்களுக்குச் சொல்லுங்கள். மாற்று மருந்தோ, வேறு வைத்தியசாலை இருப்போ தேட அது போதும்.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு இங்கிருந்து இரவு ரயிலேறினால் ஏறக்குறைய பத்து மணித்தியாலம். 1924 இல் பதுளைக்கு வந்து சேர்ந்த அந்தப் பாதையைப் பார்க்க உலகமே வருகிறது. வெண்குழியம் குறைந்த ஒருவர் மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு வருவதை யாரும் படம் பிடிப்பதில்லை. நோயாளியின் ஒரு நாள் கிளினிக் என்பது அவருக்கு மூன்று நாள் பேர், துணைக்கு வருபவருக்கு மூன்று நாள் பேர். குருதிப் பரிசோதனையைப் பதுளையிலேயே செய்து, பெறுபேற்றை அனுப்பினால் சில பயணங்கள் குறையும். இதற்கு ஒரே இடைஞ்சல், சிரிக்காதீர்கள், பெயர். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, கிளினிக் கொப்பியில் மூன்றாவது. ஒரே மாரியாயி மூன்று ஆளாகிப் பெறுபேறு அலைந்த கதை எங்களிடம் நிறைய உண்டு.

ஆகவே சங்கத்திடம் நாங்கள் கேட்பது காசு இல்லை. மண்டபத்துக்குப் புதுக் கதிரைகள் வாங்கச் சேர்த்த பணத்தில் கைவைக்க மாட்டோம். மூன்று காரியங்கள். ஒன்று, ஒவ்வொரு நோயாளிக்கும் தமிழில் ஒரு அட்டை. அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர், மருந்தின் பெயர், எத்தனை மணிக்கு, எதற்காக, எப்போது உடனே வர வேண்டும், 'டொக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம்' என்ற வரி. மற்றது, மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு. மாத்திரை இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, அடுத்த கிளினிக் எப்போது, அவ்வளவுதான் கேட்க வேண்டும். மருத்துவம் தெரியத் தேவையில்லை, பொறுமை தெரிந்தால் போதும். ஓய்வுபெற்ற டீச்சர்மாருக்கு இது கைவந்த கலை. வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆளனுப்பித் தேடியவர்கள்தானே நீங்கள். எங்களில் ஒருத்தி இன்று தாதியாக இருப்பதே அப்படி ஒரு டீச்சர் பிள்ளை மடுவம்வரை தேடி வந்து, தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தவளைப் பள்ளிக்குக் கூட்டிப் போனதால்தான். மூன்றாவது, பதுளை டவுனில் வீடுள்ளவர்கள், அதிகாலைக் குருதிப் பரிசோதனைக்கு வருகிறவருக்கு முதல்நாள் இரவு படுக்க ஒரு பாய். லுணுகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் முதல் பஸ் பிடித்தாலும் அந்த நேரத்துக்கு வந்துசேர முடியாது.

இப்போதைக்கு எங்கள் கொப்பியில் பதினொரு பேர் இருக்கிறார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பழைய உயிரியல் ஆய்வுகூடத்தில் இருப்போம். அட்டைகளையும் பேனாக்களையும் கொண்டுவந்திருக்கிறோம். கையெழுத்து அழகான பிள்ளைகள் முதலில் வாருங்கள்.